குழாய்க்குள் சுட்ட ரொட்டி

"ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். யார்கிட்டயும் எதையும் கேட்டு வாங்கற பழக்கம் எனக்கு விட்டுப்போச்சு. நான் உங்ககிட்ட எதுவும் கேக்கமாட்டேன். நீங்களும் என்கிட்ட எதுவும் கேக்காதீங்க. கேள்வியே இல்லைன்னா சண்டையும் இல்லை."

"சாப்பாட்டுல உப்பு கம்மியா இருந்தா?"

"எழுந்து போய் எடுத்துப் போட்டுக்கணும்."

"முதுகு அரிச்சா?"

"சுவர் எதுக்கு இருக்கு?"

"அப்பச் சரி. மாடு மாதிரி உரசிக்கறேன்."

கல்யாணத்தைப் பதியப் போன பதிவு அலுவலகத்து மர பெஞ்சில், கூப்பிடும் வரைக்கும் காத்திருந்த நேரத்தில் நடந்த பேச்சு அது. அவள் வீட்டு முன்னறையில் பெண்களுக்கான பார்லர் வைத்திருந்தாள். அவர் கடைத்தெரு முனையில் பேக்கரி வைத்திருந்தார். அவளுக்கு இது இரண்டாம் கல்யாணம். அவருக்கு நாற்பத்தைந்து வயதில் முதல் கல்யாணம். 'அடுப்புச் சூட்டிலேயே வயசு வெந்துபோச்சு' என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. முதல் கணவனிடம் ஒரு குடை வேண்டும் என்று கேட்டால் போதும், விசாரணைக் கமிஷனே உட்கார்ந்துவிடும். எதுக்கு, எங்கே போறே, மழை வரும்னு உனக்கு யார் சொன்னது. கேட்டுக் கேட்டு நாக்குத் தேய்ந்து, ஒருநாள் அந்த வீட்டையே விட்டு வந்தபோது, கேட்கிற வாய்க்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கிணற்றில் எறிந்துவிட்டாள்.

ஒப்பந்தம் நன்றாகத்தான் நடந்தது. இரண்டு வருஷத்தில் வீட்டில் ஒரு குரல் உயர்ந்ததில்லை. அவர் துணியை அவரே துவைத்துக்கொண்டார். எரியாத பல்பை அவளே மாற்றிக்கொண்டாள். மாலையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிச் சிரித்தார்கள். கண்பட்டுவிடும் போல இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார்கள்.

ஆனால் ஒப்பந்தம் போட்டது வாய்தானே, மனசா கையெழுத்துப் போட்டது? அவள் மனசுக்குள் ஒன்றே ஒன்று கிடந்து முள்ளாய் உறுத்தியது. பேக்கரிக்காரர்கள் கோழிக்கு முன்னால் எழுந்துகொள்கிற ஜாதி. அவர் இருட்டோடு இருட்டாக எழுந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரி வெளியே போய்விடுவார். அவள் கண் விழிக்கும்போது பக்கத்துத் தலையணையில் ஒரு பள்ளம் மட்டும் இருக்கும். கை வைத்துப் பார்த்தால் ஆறிப்போயிருக்கும். வாரத்தில் ஒரே ஒரு நாளாவது விடிந்த பிறகும் அவர் அங்கே படுத்திருந்தால் என்ன? கடையில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். அடுப்பு மூட்ட அவர்களுக்கும் தெரியும். கேட்டால் மாட்டேன் என்று சொல்கிற மனிதரும் இல்லை. இருந்தும் கேட்பதற்கு வாய் வரவில்லை. எத்தனையோ முறை தொண்டை வரைக்கும் வந்து, 'மோர் இருக்கு, குடிக்கிறீங்களா?' என்று வேறு வார்த்தையாக வெளியே போய்விட்டது.

இது ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டின் குழாய்க்கு வருவோம்.

அந்தத் தெருவுக்கு ஊர்ச் சாக்கடை இணைப்பு இல்லை. வீட்டுக்கு வீடு கொல்லையில் செப்டிக் தொட்டிதான். பார்லரில் தலை அலசுகிற பேசின், சமையலறை, குளியலறை எல்லாத் தண்ணீரும் ஒரே குழாயில் சேர்ந்து அந்தத் தொட்டியில் போய் விழும். பார்லர் என்றாலே முடி. முடி என்றாலே அடைப்பு. அதற்கு அவள் தம்பி ஒரு மருந்து வைத்திருந்தான். அவன் குழாய்ச் சாமான் கடை வைத்திருப்பவன், குழாய் வேலையும் பார்ப்பவன். ஒரு கேன் ஆசிட்டைக் கொண்டுவந்து வைத்து, "வாரா வாரம் ஒரு மூடி ஊத்துக்கா. குழாய் கண்ணாடியாயிடும்" என்றான். அவளும் ஊற்றி வந்தாள்.

கல்யாணமான புதிதில் அந்தக் கேன் அவர் கண்ணில் பட்டது.

"தொட்டிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் கோடிக்கணக்குல இருக்கும். நம்ம கழிவைத் தின்னு கரைக்கறதே அதுங்கதான். நம்ம மாவு பொங்குறதுக்கு ஈஸ்ட் மாதிரி. இதை ஊத்தினா அதுங்களும் சேந்து போயிடும்" என்றார்.

"ஓகோ" என்றாள் அவள்.

அவ்வளவுதான். ஊற்றாதே என்று அவர் கேட்கவில்லை. நிறுத்திவிடுகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். மறுநாள் கேன் பார்லரில் தலைக்குப் போடுகிற டை டப்பாக்களுக்குப் பின்னால் குடியேறியது. அவர் கடைக்குப் போன பிறகு ஊற்றுவது என்று ஆனது.

பிறகு எங்கிருந்தோ ஒரு வினோதம் தொடங்கியது. ஊற்ற ஊற்ற அடைப்பு குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே வந்தது. தண்ணீர் சாமியார் மாதிரி நின்று நிதானித்து இறங்கியது. கொல்லையில் ஒரு வாடையும் அடிக்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தொட்டியைச் சுத்தம் செய்யவில்லை போலிருக்கிறது என்று அவள் பழியைச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். ஆசிட் ஒரு மூடி இரண்டு மூடியானது. சுடச்சுட வெந்நீரும் குடம் குடமாக ஊற்றிப் பார்த்தாள்.

அன்று காலையும் ஊற்றினாள். ஊற்றிய கொஞ்ச நேரத்தில் போஸ்ட் ஆபீஸ் அக்கா தலைக்கு டை போட வந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏண்டி, இன்னும் எவ்வளவு நேரம்? தலை கருப்பாகணும்னு வந்தேன், ஆள் கருகணும்னு வரலை."

"ஆச்சுக்கா, அலசிடலாம். சாஞ்சுக்கோங்க."

முதலில் பேசினில் சும்மா தண்ணீரைத் திறந்து விட்டுப் பார்த்தாள். பார்த்தது நல்லதாயிற்று. தண்ணீர் இறங்கவே இல்லை. விளிம்பு வரைக்கும் வந்து, சாம்பல் நிறத்தில் ஏதோ மிதந்து, முறைத்துக்கொண்டு நின்றது. குளியலறைப் பக்கம் தரைக் குழாயிலிருந்து 'களக் களக்' என்று சத்தம் வந்தது.

"அக்கா, சாயாதீங்க! எழுந்துடுங்க!"

"என்னடி, இப்பத்தானே சாயச் சொன்னே?"

"குழாய் அடைச்சுக்கிச்சு."

"என் தலையில டை காய்ஞ்சுக்கிட்டிருக்கு. இதை இப்படியே வெச்சுக்கிட்டு நான் கவுன்ட்டர்ல உக்காந்தா ஸ்டாம்பு ஒட்ட எச்சிலே வேண்டாம், என் தலையிலயே தொட்டுக்கலாம்."

அவள் தம்பிக்குப் போன் அடித்துவிட்டு, அக்காவைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் முக்காலியில் உட்காரவைத்தாள். முன்னால் ஒரு பெரிய டப்பை வைத்து, தலையைக் குனியச் சொல்லி, சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றினாள்.

"இந்தத் தண்ணியைச் செடிக்கு ஊத்திடாதே. அதுவும் என்னை மாதிரி இளமையாயிடும்" என்றார் அக்கா குனிந்தபடியே. பிறகு, "ஆமா, உன் வீட்டுக்காரர் எங்கே? காலையில வந்தா என்னைக்குமே கண்ணுல படறதில்லையே" என்றார்.

"அவர் விடியறதுக்கு முன்னாடியே போயிடுவார்க்கா."

"தினமுமா? ஞாயித்துக்கிழமைகூடவா?"

"ஞாயித்துக்கிழமைதானேக்கா ரொட்டி நிறைய விக்கும்."

"நீ ஒண்ணும் சொல்றதில்லையா?"

"என்னத்தச் சொல்றது?" என்று சொல்லி அவள் அடுத்த சொம்பை ஊற்றினாள். அக்கா துண்டைச் சுற்றிக்கொண்டு நிமிர்ந்து அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். தபால் ஆபீஸில் இருப்பவர் ஆயிற்றே, ஒட்டியிருக்கிற உறையைப் பிரிக்கக் கூடாது என்று தெரியும். கிளம்பிப் போனார்.

தம்பி தோளில் ஸ்பிரிங் கம்பியை மாலை மாதிரி மாட்டிக்கொண்டு வந்து இறங்கவும், அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சைக்கிளில் வந்து சேரவும் சரியாக இருந்தது.

"வாங்க மாமா! நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க. உங்க மாளிகை மிதக்குது."

"நீ இருக்கறப்ப நான் எதுக்கு மாப்ளே பயப்படணும்? நீந்தத் தெரியும்ல?"

தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டு, எப்போதும் போல வெறுங்கையைப் பேசினுக்குள் விடப் போனான்.

"டேய், கையை விடாதே! காலையில ஆசிட் ஊத்தியிருக்கேன்!"

கத்திவிட்ட பிறகுதான் யார் பக்கத்தில் நிற்கிறார் என்பது அவளுக்கு உறைத்தது. அவர் அவளைப் பார்த்தார். அவள் சீப்புகளை அடுக்க ஆரம்பித்தாள். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. சமையலறைக்குப் போய்ச் சோடா உப்பு டப்பாவை எடுத்து வந்தார். "நகரு மாப்ளே, முகத்தைத் தள்ளி வெச்சுக்கோ" என்று சொல்லி, தண்ணீர் மேல் ஒரு சிட்டிகை தூவினார். உஸ்ஸென்று நுரைத்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சிட்டிகை. கேக் மாவைப் பார்ப்பது மாதிரி பொறுமையாகக் குனிந்து பார்த்தபடி, நுரை வராமல் தூள் சும்மா கரைந்து போகும் வரைக்கும் தூவினார்.

"இப்ப அடங்கிடுச்சு. ஆனாலும் கையுறை போட்டுக்கோ."

"மாமா, அடைப்பும் இதுலயே போயிடுமா?"

"அடைப்பெல்லாம் போகாது. உன் கை வெந்து போகாது, அவ்வளவுதான்."

தம்பி தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்றிவிட்டு, பேசினுக்கு அடியிலிருந்த வளைவைக் கழற்றினான். ஸ்பிரிங் கம்பியை உள்ளே விட்டுத் திருகினான். எதிலோ சிக்கிக்கொண்டு கம்பி வரமாட்டேன் என்றது. அவள் அங்கங்கே முடிக்கு நிறமேற்றும்போது, தலையில் மாட்டிய தொப்பியின் துளை வழியாக முடியை வெளியே இழுக்கிற கொக்கி ஊசியை எடுத்து வந்து, "தள்ளு, முடி விஷயம் எனக்குத் தெரியும்" என்று மண்டியிட்டு உட்கார்ந்தாள். கொக்கியை விட்டு ஒரு நுனியைப் பிடித்து மெல்ல மெல்ல இழுத்தாள்.

வந்தது. ஒரு பூனைக்குட்டி அளவுக்கு உருண்டு திரண்டு, ஊரிலுள்ள அத்தனை பெண்களின் முடியையும் சுற்றிக்கொண்டு, நடுவில் ரப்பர் மாதிரி வெள்ளையாக ஏதோ ஒன்றோடு வந்தது.

தம்பி அதைக் கம்பி நுனியால் குத்திப் பார்த்தான். மோந்து பார்த்தான். மறுபடியும் மோந்து பார்த்தான்.

"அக்கா, இது மாவு."

"மாவா? நான் எங்கேடா மாவைப் பேசின்ல ஊத்தினேன்?"

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சுண்டெலி மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு முகம்.

"அது... என்னோட புளிமாவு."

"என்னது?"

"கடையில புளிக்கவெச்ச மாவு தினமும் மிச்சம் விழும். அதைக் கரைச்சு ஒரு பாட்டில்ல கொண்டுவந்து, நீ சமையக்கட்டுல இருக்கறப்ப இதுல ஊத்திவிடுவேன். நீ ஆசிட் ஊத்தறதை நிறுத்தலைன்னு எனக்குத் தெரியும். வாடை வருமே. நிறுத்துன்னு கேக்கறதுக்கும் இல்லை. சரி, போன உயிர் போகட்டும், புதுசாக் கொஞ்சம் உயிரை அனுப்பிவைப்போம்னு..."

அவள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தான் குடம் குடமாக ஊற்றிய வெந்நீர் நினைவுக்கு வந்தது. மாவின் மேல் வெந்நீர் விழுந்தால் என்ன ஆகும் என்று பசை காய்ச்சுகிற எவருக்கும் தெரியும்.

தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அடுப்புல ரொட்டி சுடறவங்களைப் பாத்திருக்கேன். குழாய்க்குள்ள சுட்டவங்களை இன்னைக்குத்தான் பாக்கறேன்! ஒருத்தர் கொல்றாங்க, ஒருத்தர் வளக்கறார். நடுவுல மாட்டிக்கிட்டுச் செத்தது நான் போட்ட குழாய்! ஏன் மாமா, ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை பேசிக்கமாட்டீங்களா?"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தாள். அவர் முதலில் தயங்கி, பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

தம்பி கொல்லைக்குப் போய்த் தொட்டி மூடியை நெம்பித் திறந்து பார்த்தான். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, "வாடைக்குக் காரணம் பக்கத்து வீடு இல்லைக்கா. நீங்கதான். இப்போதைக்குத் தாங்கும். இப்படியே ஊத்திக்கிட்டிருந்தா சீக்கிரமே லாரியைக் கூப்பிடவேண்டியதுதான்" என்றான். மூடியை மூடிவிட்டு வந்து, பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தான். "குழாய்ல இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கும். இந்தப் பொடியை ஒரு கை போட்டா அஞ்சு நிமிஷத்துல..."

"வேண்டாம்!" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"ஆசிட்டைவிட நல்ல சரக்கு இது. கடையில இதுக்கு வரிசையில நிக்கறாங்க."

"நிக்கட்டும்டா. எங்களுக்கு வேண்டாம்."

பொடிக்குப் பதில் ஸ்பிரிங் கம்பியையே இன்னொரு தடவை முழுநீளத்துக்கும் விட்டெடுத்தான். பிறகு ரப்பர் பம்பை வைத்து அவர் அழுத்தி அழுத்தி இழுத்தார். ஏதோ ஒரு கட்டத்தில் குழாய் பெரிய ஏப்பம் ஒன்று விட்டது. அடுத்து ஊற்றிய வாளித் தண்ணீர் சுழித்துக்கொண்டு கீழே போனது. மூவரும் தேர் கிளம்பியதைப் பார்த்தவர்கள் மாதிரி கைதட்டினார்கள்.

தம்பி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, அவர் வாசல்வரைக்கும் போய் நின்று, திரும்பி அவளைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கலாமா?"

இரண்டு வருஷத்தில் அவள் காதில் விழுந்திராத சொல். பழைய வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒரு வாள் இருக்கும். அவர் கையிலோ தம்பியிடம் திருப்பிக் கொடுக்க எடுத்துவந்த ரப்பர் பம்பு மட்டும்தான் இருந்தது.

"கேளுங்க."

"அந்தக் கேனை மாப்ளேகிட்டயே திருப்பிக் குடுத்துடலாமா?"

அவள் உள்ளே போய் டை டப்பாக்களை நகர்த்தி, கேனை எடுத்துவந்து தம்பி கையில் கொடுத்தாள். "அன்பா குடுத்ததைத் திருப்பிக் குடுக்கறீங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை" என்று வருத்தப்பட்டுக்கொண்டே அவன் போனான்.

வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. அவர் கேட்டார், அவள் கொடுத்தாள், அவ்வளவில் முடிந்துவிட்டது. யாரும் யாரையும் விசாரிக்கவில்லை. அவளுக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

சாயங்காலம் அவர் கடைத்தெருவிலிருந்து ஒரு சல்லடை மூடி வாங்கி வந்தார். பேசின் வாயில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. கொல்லைப் படியில் உட்கார்ந்து, அவள் கொக்கி ஊசியைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். வெயில் மதில்மேல் மஞ்சளாகப் படுத்திருந்தது.

"ஒவ்வொரு தலைக்கும் அப்புறம் சல்லடையை எடுத்து முடியைக் குப்பையில போட்டுடறேன். வாரத்துக்கு ஒரு தடவை கொக்கியை விட்டு வளைவுல பாத்துடறேன்" என்றாள்.

"டை கிண்ணத்தைக் கழுவறதுக்கு முன்னாடி பழைய பேப்பர்ல துடைச்சுட முடியுமா? தொட்டிக்கு அது ஆகாது."

"துடைச்சுடறேன்." கொஞ்சம் யோசித்தாள். இப்போது அவள் முறை. நாக்கு புதிதாக நடை பழகுகிற குழந்தை மாதிரி ஒரு அடி வைத்துப் பார்த்தது. "நீங்க மாவு படிஞ்ச துணியை உள்ளே அலசாதீங்க. வெளியில உதறிட்டு அப்புறம் அலசுங்க."

"சரி."

விழாமல் நின்றது. இன்னொரு அடி.

"புளிமாவு மிச்சமானா கோழி வளக்கறவங்களுக்குக் குடுத்துடுங்க. குழாய்ல ஊத்தாதீங்க."

"என் பாட்டிலையே ஒழிச்சுக் கட்டிடறேன், போதுமா? அப்ப தொட்டிக்கு யார் சோறு போடறது?"

"நாம ரெண்டு பேரும் தினமும் போடறதே அதுக்குத் தாராளம். நடுவுல விஷம் வைக்காம இருந்தா அதுவாப் பொழச்சுக்கும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அவளிடமிருந்து ஊசியை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, "நல்ல சாமான். நம்ம பரம்பரைச் சொத்து" என்று சொல்லி அவள் கையிலேயே கொடுத்தார். அரிசி வேகிற வாசனை சமையலறையிலிருந்து வந்தது. அவளுக்கு அந்த நேரத்தில் உலகத்தில் எந்தக் குறையும் இல்லை. அந்த ஒன்றைத் தவிர.

அவர் கொட்டாவி விட்டார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். அவருக்கு அது படுக்கப் போகும் நேரம். சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தால்தான் இருட்டில் எழுந்து போக முடியும்.

அவர் படியேறி இரண்டு எட்டு வைத்துவிட்டார். மோர் இருக்கு, குடிக்கிறீங்களா என்கிற வார்த்தை வழக்கம்போல வாய்க்குள் வந்து வரிசையில் நின்றது. அவள் அதை விழுங்கினாள்.

"ஏங்க."

"ம்?"

"கொஞ்சம் நில்லுங்க. நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். குழாய் விஷயம் இல்லை."

அவர் நின்றார். திரும்பி வந்து அவளுக்கு எதிரில், கீழ்ப்படியில் உட்கார்ந்தார். அவசரப்படுத்தவில்லை. அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வாரத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், அடுப்பைக் கடை ஆளுங்க மூட்டட்டும். நீங்க போகாதீங்க. நான் கண்ணு முழிக்கறப்ப நீங்க என் பக்கத்துல படுத்திருக்கணும். நல்லா வெளிச்சம் வந்து, ஜன்னல்ல வெயில் ஏறுற வரைக்கும் படுத்திருக்கணும். இருப்பீங்களா?"